ஸ்டெம் செல் ஊசியும் முதுகுத் தண்டும்: தோப்பை விற்பதற்கு முன் சில வார்த்தைகள்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



செயலாளர் என்னை போனில் கூப்பிட்டு, "அண்ணே, நீங்க அரை மணி நேரம் பேசணும். ஆனா மலரும் நினைவுகள் வேண்டாம். அதுக்கு ஏற்கெனவே பதினோரு பேர் பேர் கொடுத்துட்டாங்க" என்றார். எனக்கும் சௌகரியம்தான். நான் இந்தக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு, பிறகு பிசியோதெரபி படித்து, முப்பது வருஷத்துக்கு மேல் மறுவாழ்வுச் சிகிச்சைப் பிரிவுகளில் வேலை பார்த்தவன். முதுகெலும்பு முறிந்து படுத்துவிட்டவர்களை உட்கார வைப்பதும், முடிந்தவர்களை நிற்க வைப்பதும்தான் என் தொழில்.

இந்தத் தொழிலில் இருப்பதால், நம் சங்கத்து நண்பர்களிடமிருந்து வருஷத்துக்கு நாலைந்து போன் வரும். ராஜபாளையத்திலிருந்து வரும், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும், வத்திராயிருப்பிலிருந்து வரும். மச்சினன் பைக்கில் போய் விழுந்துவிட்டான், தோப்பில் தேங்காய் பறிக்க ஏறியவர் விழுந்துவிட்டார், கிணற்று வேலையில் ஒருவருக்கு முதுகு போய்விட்டது என்று தொடங்குவார்கள். கடைசியில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்வி. "ஸ்டெம் செல் ஊசி போட்டா நடந்துருவானாமே, போடலாமா?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதுகுத் தண்டுக் காயத்துக்கு ஸ்டெம் செல் என்பது இன்றைய தேதியில் ஆராய்ச்சி. நல்ல ஆராய்ச்சி, நம்பிக்கை தரும் ஆராய்ச்சி. ஆனால் காசு கொடுத்து வாங்கும் சிகிச்சையாக அது இன்னும் ஆகவில்லை. ஏன் என்பதைத்தான் இந்த அரை மணி நேரத்தில் சொல்லப் போகிறேன்.

நூல் அறுந்த கணக்கு

தண்டுவடம் என்பது மூளையிலிருந்து இடுப்பு வரை இறங்கும் ஒரு நரம்புக் கயிறு. சுமார் 45 சென்டிமீட்டர் நீளம், சுண்டு விரல் தடிமன். அதற்குள் லட்சக்கணக்கான இழைகள். ஒவ்வொரு இழைக்கும் போய்ச் சேர வேண்டிய இடம் தனி. ஒன்று கட்டைவிரலை அசைக்க, ஒன்று மூத்திரப்பையை அடக்க, ஒன்று சூடு தெரிய.

நமக்கு மில் ஊர். ஸ்பின்னிங்கில் நூல் அறுந்தால் தொழிலாளி வந்து ஒரு நொடியில் இழையைச் சேர்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். கை கால்களில் ஓடும் நரம்பு அறுந்தால் கிட்டத்தட்ட அப்படித்தான். தைத்துவிட்டால் ஒரு நாளைக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் மெல்ல வளர்ந்து போய்ச் சேரும். தண்டுவடத்தில் அது நடப்பதில்லை. அடிபட்ட இடத்தில் வீக்கம் வருகிறது, செல்கள் செத்து ஒரு குழி விழுகிறது, அதைச் சுற்றித் தழும்பு கட்டுகிறது. மீதமுள்ள இழை வளரப் பார்த்தாலும் 'இந்தப் பக்கம் வராதே' என்று தடுக்கும் பொருள்கள் அங்கேயே இருக்கின்றன.

"பல்லிக்கு வால் முளைக்குதே சார்?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி. முளைக்கிறது. ஆனால் புது வாலை அறுத்துப் பார்த்தால் பழைய மாதிரி கணு கணுவாக எலும்பு இருக்காது, ஒரு குருத்தெலும்புக் குழாய்தான் இருக்கும். பல்லிக்கே அசல் திரும்பி வருவதில்லை. நமக்கு அந்த அளவு கூட இல்லை.

இந்த இடத்தில்தான் ஸ்டெம் செல் வருகிறது. தமிழில் குருத்தணு என்கிறார்கள். மில் பாஷையில் சொன்னால் அது பஞ்சு மாதிரி. பஞ்சிலிருந்து நூலாகவும் போகலாம், பேண்டேஜாகவும் போகலாம். இன்னும் எதுவாகவும் ஆகாத செல், எதுவாகவும் ஆகக் கூடிய செல். அதை அடிபட்ட இடத்தில் வைத்தால் நரம்பாக மாறி இழையை ஒட்டிவிடாதா என்பதுதான் யோசனை. யோசனையில் தப்பில்லை. ஆனால் அறுந்த நூலின் மேல் ஒரு கை பஞ்சை வைத்து அழுத்தினால் நூல் ஆகிவிடுமா? பஞ்சு முதலில் இழையாக வேண்டும், சரியான பக்கம் போக வேண்டும், லட்சம் முனைகளில் தன் ஜோடியைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில் ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானிகள் பல வருஷங்களாக மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

பெட்டியில் எழுதியதெல்லாம் பால்கோவா அல்ல

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஏன் அது தேவைப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் 'ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா' என்று பெட்டி அடுக்கி வைத்திருப்பார்கள், உள்ளே வேறு ஏதோ இருக்கும். 'ஸ்டெம் செல்' என்ற பெயருக்கும் இதே கதிதான் நடக்கிறது.

அசல் சரக்கு உண்டு. ரத்தப் புற்றுநோய்க்கும் தலசீமியாவுக்கும் செய்யும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை ஸ்டெம் செல் சிகிச்சைதான். வேலூர் சி.எம்.சி.யில் 1986-லிருந்து செய்கிறார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஏன் அது பலிக்கிறது? மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல்லின் இயல்பான வேலையே ரத்தம் செய்வது. அதன் வேலையையே நாம் செய்யச் சொல்கிறோம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் சிலருக்கு இதே முறை உதவுவதும் அதனால்தான். அங்கே அது நரம்பை முளைக்க வைப்பதில்லை, தன் உடம்பையே தாக்கும் எதிர்ப்புச் சக்தியைத் துடைத்துப் புதிதாகத் தொடங்குகிறது.

விளம்பரத்தில் வருவது வேறு. இடுப்பு எலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி, அன்றைக்கே பிரித்து, முதுகுத் தண்டு நீரில் ஊசியாகப் போடுகிறார்கள். ரத்தம் செய்யும் செல் அங்கே போய் நரம்பாக மாறிவிடாது. டெல்லியில் உள்ள இந்திய முதுகுத் தண்டுக் காய மையத்தில், புதிதாக அடிபட்டவர்களுக்கு மஜ்ஜைச் செல்களை வைத்து ஒழுங்காக ஒரு சோதனை செய்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். ஆபத்தில்லாமல் செய்ய முடிந்தது, ஆனால் இந்தச் செல்லால்தான் குணம் வந்தது என்று சொல்லும்படி எதுவும் கிடைக்கவில்லை. வெளிநாட்டுக்காரன் சொன்னதல்ல, நம் நாட்டு டாக்டர்களே சோதித்து நேர்மையாக எழுதியது.

உலகத்தில் எங்கே நிற்கிறது?

1998-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் தாம்சன் மனிதக் கருவிலிருந்து ஸ்டெம் செல்லைப் பிரித்து வளர்த்தார். 2010 அக்டோபரில், அதிலிருந்து செய்த செல்லை முதுகுத் தண்டு அடிபட்ட ஒருவருக்கு முதன்முதலாக வைத்தார்கள். ஐந்து பேரோடு அந்தச் சோதனை நின்றது. நடத்திய கம்பெனி 2011-ல் பணம் கட்டுப்படியாகவில்லை என்று கைவிட்டது.

ஜப்பானில் ஷின்யா யாமனாகா 2006-ல் சாதாரணத் தோல் செல்லையே பின்னோக்கித் திருப்பி ஸ்டெம் செல் ஆக்கினார், முதலில் எலியில், அடுத்த வருஷமே மனிதச் செல்லில். 2012-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியில் செய்த நரம்புச் செல்களை டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகத்தில் நான்கு பேருக்கு வைத்தார்கள். முதல் அறுவை 2021 டிசம்பரில். 2025 மார்ச்சில் முடிவு சொன்னார்கள். நான்கு பேரில் இரண்டு பேருக்கு முன்னேற்றம். அதில் ஒருவர் பிடிமானம் இல்லாமல் நிற்கிறார். கேட்கும்போது எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனால் அந்த நான்கு பேரும் அடிபட்டு ஒரு மாதத்துக்குள் இருந்தவர்கள். செல் வைக்காத இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் இல்லை. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் கொழுப்பிலிருந்து எடுத்த செல்லை பத்துப் பேருக்குப் போட்டு 2024-ல் வெளியிட்டார்கள். ஏழு பேருக்கு உணர்விலோ அசைவிலோ சிறிய முன்னேற்றம் என்றார்கள். அதிலும் ஒப்பீட்டுக் குழு இல்லை.

பார்க்கின்சன் நோயில் நிலைமை இன்னும் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது. அங்கே செத்துப் போவது பெரும்பாலும் ஒரே வகைச் செல், ஒரே இடம். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செய்த இரண்டு சோதனைகளின் முடிவுகள் 2025 ஏப்ரலில் 'நேச்சர்' இதழில் வந்தன. அவையும் சிறிய சோதனைகள்தான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டெம் செல்லால் 'பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை' என்பது உண்மையல்ல. இஸ்ரேலைச் சேர்ந்த ஒரு சிறுவனுக்கு வெளிநாட்டில் கருவின் நரம்புச் செல்லை மூளையில் போட்டதில், பிற்பாடு மூளையிலும் தண்டுவடத்திலும் கட்டி வளர்ந்தது 2009-ல் பதிவானது. இன்னொரு பெண்ணுக்கு மூக்கின் உள்சவ்விலிருந்து எடுத்த செல்லை முதுகுத் தண்டில் வைத்தார்கள். எட்டு வருஷம் கழித்து வலி. திறந்து பார்த்தால் மூக்குத் திசுவே கட்டியாக வளர்ந்து உள்ளே சளி போன்ற திரவத்தைச் சுரந்து கொண்டிருந்தது. 2014-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி இது.

தோப்பு விற்ற வீடு

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெயர் வேண்டாம். ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் ஒன்றரை ஏக்கர் தோப்பு வைத்திருந்த குடும்பம். இருபத்து நாலு வயதுப் பையன் மாங்காய் பறிக்கும்போது விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. எலும்பை நிமிர்த்தி ஆபரேஷன் ஆயிற்று. 'மறுவாழ்வுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போங்க' என்று எழுதித்தான் அனுப்பினார்கள். அதற்குள் சொந்தக்காரர் ஒருவர் செல்போனில் ஒரு வீடியோ காட்டினார். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனார்கள். ஐந்து மாதத்தில் மூன்று ஊசி. தோப்பு கை மாறிவிட்டது.

நான் பார்க்கும்போது பையனுக்குப் பிட்டத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண், எலும்பு தெரிந்தது. முழங்கால் இரண்டும் மடங்கி இறுகியிருந்தன. மூத்திரத்தில் கிருமி, விட்டு விட்டுக் காய்ச்சல். அந்தப் புண் ஆறவே ஏழு மாதம் பிடித்தது. தினமும் கட்டு மாற்றுவோம். பொட்டலத்தின் மேல் முகவரியைப் பார்த்தால் நம்ம சத்திரப்பட்டித் தறியில் நெய்த பேண்டேஜ் துணி.

அந்த அம்மாவிடம், "ஏம்மா, பயிற்சிக்குத்தானே எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டேன். "உட்கார வைக்கிறதுக்கு ஒரு ஆஸ்பத்திரியா தம்பி? பெத்தவளுக்கு ஊசி போட்டா ஏதோ செஞ்ச மாதிரி இருக்கும்ல?" என்றார்கள். இதை நான் அறியாமை என்று சொல்ல மாட்டேன். அந்த நிலைமையில் எனக்கும் என் மகன் என்றால் அப்படித்தான் தோன்றும். அந்த ஆசையை வைத்து வியாபாரம் செய்கிறார்களே, அதைத்தான் குற்றம் என்கிறேன்.

அந்தப் பையன் இப்போது செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறான். பக்கச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் தானே போய் வருகிறான். அவன் சொன்னது: "தோப்பு போனதைக் கூட விட்டுருவேன் சார். அந்த அஞ்சு மாசம் யாரும் என்னைய உட்கார வைக்கலையே, அதுதான் சார்."

"எங்க தெருவுல ஒருத்தன் நடந்தானே?"

இதையும் கேட்பார்கள். நடந்திருப்பான். முதுகுத் தண்டுக் காயத்தில் முழுக் காயம், பகுதிக் காயம் என்று உண்டு. பகுதிக் காயத்தில் சில இழைகள் பிழைத்திருக்கும். வீக்கம் வடிந்ததும் அவை வேலையைத் தொடங்கும். முதல் ஆறு மாதம், ஒரு வருஷத்துக்குள் தானாகவே நிறையத் திரும்பும், பயிற்சி கொடுத்தால் இன்னும் கூடும். அந்தச் சமயத்தில் ஊசி போட்டிருந்தால் ஊசிக்குப் பெயர், போடாமலிருந்தால் சாமிக்குப் பெயர். அதனால்தான் போட்டவர், போடாதவர் என்று இரண்டு குழுவாகப் பிரித்து ஒப்பிட வேண்டும் என்று விஞ்ஞானம் வற்புறுத்துகிறது. வீடியோவில் போடாதவரைக் காட்ட மாட்டார்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2007-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின் தலைப்பில் 'ஸ்டெம் செல் ஆராய்ச்சி மற்றும் சிகிச்சை' என்று இருந்தது. 2013-ல் திருத்தியபோது 'சிகிச்சை' என்ற சொல்லையே தலைப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2017-ல் வந்த நெறிகளும், ரத்த சம்பந்தமான நோய்களுக்கான மஜ்ஜை மாற்றைத் தவிர மற்றதெல்லாம் பதிவு செய்த சோதனையாகத்தான் நடக்க வேண்டும் என்கின்றன. ஆட்டிசம் குழந்தைகளுக்கு ஸ்டெம் செல் போடுவதை தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்குமுறை வாரியம் 2022-ல் பரிந்துரைக்க மறுத்தது.

யாராவது உங்களிடம் ஸ்டெம் செல் என்று சொன்னால் நாலு கேள்வி கேளுங்கள். ஒன்று, இது பதிவு செய்த சோதனையா, இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் எண் என்ன? 2009-லிருந்து அந்தப் பதிவு கட்டாயம். இரண்டு, பணம் கேட்கிறீர்களா? உண்மையான சோதனையில் சோதிக்கப்படும் மருந்துக்கு நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. மூன்று, நெறிமுறைக் குழு ஒப்புதல் எங்கே? நான்கு, எதில் எவ்வளவு முன்னேற்றம் வரும், வராவிட்டால் என்ன, எழுத்தில் கொடுப்பீர்களா? இந்த நாலுக்கும் பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பலிக்கிற வைத்தியம்

அப்படியானால் ஒன்றுமே செய்ய முடியாதா? நிறையச் செய்யலாம். முதுகுத் தண்டு அடிபட்டவரின் உயிரை வாங்குவது பெரும்பாலும் காலல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீரகமும் நெஞ்சுச் சளியும்தான். இந்த மூன்றையும் தடுக்க முடியும். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். உட்கார்ந்தால் கால் மணிக்கு ஒரு தரம் கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும். மூத்திரத்தை நாலு மணி, ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் சுத்தமான டியூப் போட்டுத் தானே எடுத்துவிடப் பழக வேண்டும். மூட்டுகள் இறுகாமல் தினமும் அசைக்க வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத வேலை. ஆனால் உயிர் இதில்தான் நிற்கிறது.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் முதுகுத் தண்டு போயிற்று. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்து, 1963-ல் சி.எம்.சி.யில் அந்தத் துறையைத் தொடங்கினார். 1966-ல் மறுவாழ்வு நிலையமே எழுந்தது. 1972-ல் பத்மஸ்ரீ.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் ஊரிலிருந்து தென்காசி ரோட்டில் தெற்கே போனால் ஆய்க்குடி. அங்கே எஸ்.ராமகிருஷ்ணன். பொறியியல் மாணவராக இருந்தபோது, 1975-ல் பெங்களூரில் கடற்படை அதிகாரித் தேர்வில் உடல்திறன் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தமக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் 1981-ல் சொந்த ஊரில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. முதுகுத் தண்டு அடிபட்டவர்களைத் தங்க வைத்து, மேலே சொன்ன எல்லாவற்றையும் அங்கே பழக்குகிறார்கள். ஒன்றரை இரண்டு மணி நேரப் பஸ் தூரத்தில் இப்படி ஓர் இடம் இருப்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரியவில்லை.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

முதலாவது, மாணவர்களுக்கு. இன்றைக்கும் விபத்து நடந்தால் நாலு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கிப் போட்டு விரட்டுகிறோம். பகுதிக் காயமாக இருந்தது அந்த ஆட்டோவில் முழுக் காயம் ஆகலாம். 'கால் மரத்துப் போச்சு' என்று சொன்னால், உயிருக்கு வேறு ஆபத்து இல்லாத வரை அசைக்காதீர்கள். கழுத்தும் முதுகும் நேர்கோட்டில் இருக்கட்டும். புரட்ட வேண்டி வந்தால் மூன்று நாலு பேர் சேர்ந்து ஒரு மரக்கட்டையை உருட்டுவது போல் ஒன்றாகப் புரட்டுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். 2008-லிருந்து அந்த வண்டி நம் மாநிலத்தில் ஓடுகிறது, பலகையோடு வரும். நம் என்.எஸ்.எஸ். மாணவர்களுக்கு வருஷம் ஒருநாள் இந்தப் பயிற்சி கொடுக்க நான் வரத் தயார்.

இரண்டாவது, சங்கத்துக்கு. கட்டடத்துக்கு நிதி சேர்க்கிறோம், நல்லது. அதில் ஒரு சிறு பங்கை எடுத்து நாலு சக்கர நாற்காலி, நாலு காற்று மெத்தை வாங்கி வையுங்கள். தேவைப்படும் குடும்பம் எடுத்துப் போய்த் திருப்பித் தரட்டும். கூடவே ஆய்க்குடி, வேலூர் முகவரிகளை ஒரு தாளில் அச்சடித்துக் கொடுங்கள்.

மூன்றாவது, விலங்கியலும் உயிர்வேதியியலும் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. நான் இவ்வளவு சொன்னதைக் கேட்டு ஸ்டெம் செல்லே ஏமாற்று என்று எண்ணிவிடாதீர்கள். வேலூரில் 2005-லிருந்து மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரவில் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் ரத்த ஸ்டெம் செல்லை எடுத்து, அதில் சரியான மரபணுவைச் சேர்த்துத் திருப்பிக் கொடுத்த சோதனையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. செய்தது நம் தமிழ்நாட்டில்தான். ஐந்தே பேர், பல வருஷ உழைப்பு, ஒருவரிடமும் மருந்துக்குக் காசு வாங்காத சோதனை. முதுகுத் தண்டுக்கும் ஒருநாள் அந்த வழியில்தான் பதில் வரும். அந்த ஆய்வுக்கூடத்துக்கு இந்தக் கல்லூரியிலிருந்து ஒருவர் போனால் எனக்குச் சந்தோஷம்.

அதுவரைக்கும் யாராவது போன் செய்து 'ஊசி போடலாமா' என்று கேட்டால், முதலில் பையனை உட்கார வைக்கச் சொல்லுங்கள். தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் என் எண் சங்க அலுவலகத்தில் இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்குள் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம்.